நீல பஸ்ஸுக்கு ரிப்பன் வெட்டாத நாள்

போன மாதம் எங்கள் பழைய டிப்போவில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. தலைப்பு, 'தலைமைப் பண்பும் திறந்த மனமும்'. ஓய்வு பெற்றவர்கள் சார்பில் பத்து நிமிடம் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பேசிய பயிற்சியாளர் திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு மனிதத் தலை, அதில் ஒரு கதவு, கதவு திறந்திருக்கிறது. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு வரை பேசிவிட்டார். திறந்த மனதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர், கேள்வி கேட்க எழுந்த இரண்டு பேரையும் கையமர்த்தி உட்கார வைத்தார். எனக்குரிய பத்து நிமிடம் பிரியாணி வாசத்தில் காணாமல் போயிற்று.

நான் டைம் கீப்பராக இருந்தவன். ஒருவருக்குரிய நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். படத்தில் உள்ள தலையைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் பார்த்த ஒரு தலையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் முன்பக்கம் முடி கிடையாது, கதவும் கிடையாது.

என் பெயர் தாணுலிங்கம். நாஞ்சில் நாட்டு வயல் ஊர்களில் ஒன்றில் பிறந்து, வயலில் இறங்கப் பயந்து கண்டக்டர் வேலைக்குப் போனவன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டது இரண்டு. கூட்டத்தில் கால் ஊன்றி நிற்பது, சில்லறை இல்லை என்று முகம் மாறாமல் சொல்வது. பல வருடம் கழித்து முழங்கால் வலிக்கு இரக்கப்பட்டு என்னை டைம் கீப்பராக்கினார்கள். டிப்போ வாசலில் கம்பி போட்ட ஒரு சின்ன அறை, ஒரு கடிகாரம், ஒரு விசில். எந்த பஸ் எப்போது வெளியே போக வேண்டும், எப்போது உள்ளே வர வேண்டும் என்பது என் பொறுப்பு. விசில் அடித்த பிறகு நிற்கிற டிரைவரையும், அடிப்பதற்கு முன்னால் நகர்கிற டிரைவரையும் நான் ஒரே மாதிரிதான் திட்டுவேன். 'தாணு அண்ணாச்சிக்கு வீட்டில் பெண்டாட்டி சோறு போடுவதும் விசில் கேட்டுத்தான்' என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். அது உண்மையல்ல. அவள் விசிலுக்கெல்லாம் அசைகிறவள் இல்லை.

டிப்போவுக்குத் தலைவர் கிளை மேலாளர். மேனேஜர் என்போம். சொல்ல வந்த மேனேஜருக்கு முன்னால் ஒருவர் இருந்தார். எல்லாம் தெரிந்தவர். நாம் வாயைத் திறந்து 'சார், அந்த ரோட்டில...' என்று ஆரம்பித்தால், 'எனக்குத் தெரியும்' என்று அதை மூடிவிடுவார். ஒரு தடவை கடற்கரை ஊர் ஒன்றில் கோயில் திருவிழாவுக்காக மூங்கிலில் பெரிய வளைவு கட்டி, மேலே சீரியல் லைட்டில் நட்சத்திரம் வைத்திருந்தார்கள். அந்த வழியாக பஸ் போகாது என்று டிரைவருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேனேஜர், 'உயரம் போதும், எனக்குத் தெரியும்' என்றார். எல்லாரும் மிகுந்த மரியாதையோடு சரி என்றோம். சாயங்காலம் பஸ் திரும்பி வந்தபோது கூரைமேல் நட்சத்திரம் இருந்தது. பின்னாலேயே மூன்று ஆட்டோவில் திருவிழாக் கமிட்டி வந்தது. அன்று டிப்போவில் ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை. தலைவர் தப்புச் செய்வதைப் பார்க்கக் காத்திருக்கும் ஊழியர்களைப் போல ஒற்றுமையான கூட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

அவர் மாற்றலாகிப் போன இடத்துக்குத்தான் சிதம்பரநாதன் சார் வந்தார். சுசீந்திரம் பக்கத்துச் சைவக் குடும்பம். காலையில் நெற்றி நிறையத் திருநீறு, மதியம் தயிர் சாதமும் நார்த்தங்காயும். மீன் வாடை ஆகாது. கேண்டீனில் யாராவது மீன்குழம்புப் பாத்திரத்தைத் திறந்தால், தன் அறையில் இருப்பவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், எழுந்து சன்னலைத் திறந்துவைப்பார், அவ்வளவுதான். கடற்கரையில் பாதி வழித்தடம் ஓடுகிற டிப்போவுக்கு இப்படி ஒருவரை அனுப்பிய அதிகாரிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் வாயில் கூட்டத்தில் புதுசாக ஓர் உத்தரவைச் சொன்னார். வண்டிகளை எப்படி வரிசையாக நிறுத்துவது என்று ஏதோ ஒன்று. சொல்லி முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் சொன்னது தப்புன்னு வச்சுக்கிடுங்க. எப்படித் தப்பு?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சங்கத் தலைவர் மட்டும், "இது உத்தரவா, கேள்வியா சார்?" என்று கேட்டார்.

"கேள்விதான். தப்பு இருக்கும். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்."

இது ஏதோ பொறி என்று எல்லாருக்கும் பட்டது. கடைசியில் செல்லப்பன்தான் வாயைத் திறந்தான். எங்கள் முதல் பஸ்ஸின் டிரைவர் அவன். நல்ல கைத்திறன், நாக்கு அதைவிட நீளம்.

"வண்டிய எப்பிடி வேணும்னாலும் நிறுத்துவோம் சார். ஒங்க நாற்காலிதான் தப்பான இடத்துல கெடக்கு."

சிதம்பரநாதன் சார் உள்ளே போனார், நாற்காலியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினார், திரும்பி வந்து, "ஏன்?" என்று கேட்டார். மாற்றிய பிறகுதான் காரணம் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று மத்தியானமே மழை பிடித்தது. பழைய இடத்தில் ஓட்டுக் கூரை சரம்சரமாக ஒழுகியது. முந்தைய மேனேஜர் மூன்று மழைக்காலம் அங்கே நனைந்துகொண்டு, எல்லாம் தெரிந்தவராக இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போயிற்று. எல்லாருக்கும் யோசனை பிறந்துவிட்டது. கேண்டீன் சாம்பாரைப் பற்றி, கக்கூஸ் கதவைப் பற்றி, மேனேஜரின் ஜாதகத்தைப் பற்றிக்கூட வந்து சொன்னார்கள். சொன்னதையெல்லாம் செய்தார் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தில் எட்டுக்கு முடியாது என்பார். ஆனால் அந்த முடியாதுக்கு ஒரு முறை வைத்திருந்தார். நாம் சொன்னதை முதலில் அவர் வாயால் திருப்பிச் சொல்லுவார், நாம் சொன்னதைவிட நன்றாகவே சொல்லுவார். "இதுதானே ஓய் நீரு சொல்றது?" என்பார். ஆமாம் என்றால், "முடியாது. காரணம் இது" என்பார். தோற்றுப் போனவன் தன் கட்சியை இவ்வளவு அழகாக யாரும் பேசியதில்லையே என்ற திருப்தியோடு வெளியே வருவான். எனக்கே அப்படி ஐந்தாறு தடவை ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் மறுநாளும் போனேன்.

இனி அந்த முதல் பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பஸ் ராத்திரி கடற்கரை ஊரிலேயே தங்கும். விடியும் முன் அங்கிருந்து கிளம்பி, இரணியல் ரயில் நிலையம், தக்கலை வழியாகத் திருவட்டாறு போகும். கரையில் ஏறுவது மீன்காரப் பெண்கள். சருவம் என்கிற அகன்ற அலுமினியப் பாத்திரம் நிறைய மீனோடு தக்கலைச் சந்தையில் இறங்குவார்கள். இரணியலுக்குப் போவது ரயில் பிடிக்கிற உத்தியோகஸ்தர்கள். திருவட்டாறு வரை போவது பெருமாளைத் தரிசிக்கப் போகிற பக்தர்கள். இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே தகரக் கூண்டில் அடைத்து, நடுவில் சருவத்திலிருந்து மீன்தண்ணீரையும் ஒழுகவிட்டால் என்ன நடக்குமோ அது தினமும் நடந்தது. சருவத்தோடு ஏற்றாதே என்று முந்தைய மேனேஜர் வாய்வழியாகச் சொல்லி வைத்திருந்தார். சில கண்டக்டர்கள் ஏற்றினார்கள், சிலர் ஏற்றவில்லை.

ஒருநாள் ஒரு பயணி போட்ட சத்தத்தில், பிலோமினா என்ற மீன்கார அம்மாளைச் சருவத்தோடு நடுவழி முக்கில் இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் அழவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் சருவத்தை இறக்கி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டாள். பஸ் நகர வழியில்லை. சிறிது நேரத்தில், இறக்கிவிடச் சொன்ன அதே ஆசாமி சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நெத்தோலி என்ன வெல?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்று அவள் சொல்ல, சண்டை புதுசாக ஆரம்பித்தது. ரயில் போய்விட்டது. அன்று டிப்போவுக்கு வராத புகார் இல்லை.

சிரிக்கிற விஷயமாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை. பையன் வளைகுடாவில் வேலை தேடிக்கொண்டே இருந்தான். தக்கலையில் வாடிக்கை வீடுகள் விடியற்காலையில் அவளை எதிர்பார்க்கும். பஸ் இல்லையென்றால் ஆட்டோ, ஆட்டோ என்றால் அன்றைய லாபம் ஆட்டோக்காரனுக்கு. அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர். அந்த ஒரு பஸ்ஸில்தான் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

சிதம்பரநாதன் சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவரே வரைபடம் போட்டார். ஓர் ஓட்டை வண்டியை எடுத்து, பின்னிருக்கைகளைக் கழற்றி, தரையில் துத்தநாகத் தகடு அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை வைத்து, வெளியே நீல வண்ணம் பூசி, மீன்காரப் பெண்களுக்கென்று தனி பஸ். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒர்க்ஷாப்பில் பெயிண்ட் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றார். கோட்ட மேலாளர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. வழக்கம்போல, "இது தப்புன்னு வச்சுக்கிடுங்க" என்று எங்களிடம் கேட்கவும் செய்தார். ஆனால் அந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை, பதிலுக்கு நிற்கவும் இல்லை. சொந்தப் பிள்ளையைக் காட்டி அழகாயிருக்கிறதா என்று கேட்கிற தகப்பனிடம் யார் என்ன சொல்ல முடியும்? அழகாக இருக்கிறது என்றோம்.

இந்த நேரத்தில்தான் பத்மநாபபிள்ளை வந்தார். தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரணியலில் ஏறித் திருவட்டாறு போகிற பெருமாள் பக்தர். ஓய்வுக்குப் பிறகு புகார் கொடுப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தார். அவர் குடை தெருமுனையில் தெரிந்ததுமே வாட்ச்மேன் இருமுவான். இருமல் கேட்டதும் மெக்கானிக் வண்டிக்கு அடியில் போவார், கிளார்க் பாத்ரூமுக்குப் போவார். நான் மட்டும் கம்பிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வேன். அவர் ஆரம்பித்தால் பஸ்ஸின் படிக்கட்டு உயரத்தில் தொடங்கி, தபால் ஆபீஸ் பசை வரைக்கும் வந்துதான் நிற்பார்.

சிதம்பரநாதன் சார் அவருக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி, எதிரே உட்கார்ந்து கேட்டார். நான் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே போனவன், சாரின் கண் ஜாடையில் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

"குளிச்சு, சந்தனம் தொட்டு, பெருமாளப் பாக்கப் போறேன். மீன்வெள்ளம் என் பாதத்தக் கழுவுது. இது ஞாயமா?"

"ஞாயமில்ல."

"உம்ம பஸ் நேரத்துக்கு வந்தாலும் குத்தம், வராட்டாலும் குத்தம்."

"அதெப்படி?"

"நேரத்துக்கு வந்தா நாத்தம். உம்ம டிரைவர் ஒறங்கிப்போயி பிந்தி வாற அண்ணைக்கு மட்டும் தர காஞ்சு கெடக்கும், வண்டியில மனுஷன் இருக்கலாம். ஆனா அண்ணைக்குக் கோயில்ல நட அடச்சிருவான். அப்போ நான் என்ன செய்ய?"

என் காதில் அது புகார் எண் நாற்பதாகத்தான் விழுந்தது. சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசியா சொன்னத ஒருக்கா கூட சொல்லும்."

பத்மநாபபிள்ளை திகைத்துவிட்டார். பல வருட புகார் வாழ்க்கையில் அவரை யாரும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னதில்லை. மறுபடி சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

அடுத்த நாள் விடியும் முன் சாரும் நானும் ஜீப்பில் கரைக்குப் போனோம். வள்ளங்கள் அப்போதுதான் கரை ஏறிக்கொண்டிருந்தன. மணலில் மீனைக் கொட்டி ஏலம் நடந்தது. ஏலம் முடிந்து, பெண்கள் பங்கு பிரித்துச் சருவத்தில் அள்ளிப் போடவும், மேட்டிலிருந்து செல்லப்பன் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. மீனோடு கடல்தண்ணீரும் மண்ணுமாக அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். பிலோமினாவின் முகத்தில் தண்ணீர் தாரையாக வழிந்தது. சார் அவள் பின்னாலேயே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய ஓடினார்.

"அம்மா, இந்த வெள்ளத்த வடியவிட்டுக் கொண்டுவரப்படாதா?"

"வடியவிடாம பின்ன? கூடையில கொட்டி, கழுவி, வடிச்சு எடுத்தா ஒரு சொட்டு கீழ விழாது சாரே. ஒங்க வண்டி நிக்கணுமே. அந்தா அடிக்கான் பாருங்க, ஒங்க ஆளு."

பஸ்ஸில் ஏறினார். காலி இருக்கைகள் முன்னால் கிடந்தன. அவர் போய்ச் சருவங்களுக்கு நடுவே, பிலோமினாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மீன்குழம்புக்குக் கண் கலங்குகிறவர் பச்சைச் சாளைக்கு நடுவே இருக்கிறார். கண்கள் சிவந்து நீர் நின்றது. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். நீல பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, "இது தப்புன்னு வச்சுக்கிடுங்க. எப்படித் தப்பு?" என்றார். இந்தத் தடவை பதிலுக்கு நின்றார்.

பிலோமினா முகத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

"சாரே, மோசமா நெனைக்கப்படாது. நீங்க அந்த வண்டிய விட்ட மறுநாளு, நாங்க வேற எந்த பஸ்ஸில கால வச்சாலும், ஒனக்குள்ள வண்டி அங்க வருது, அதில ஏறுன்னு கண்டக்டரு சொல்லுவான். வெறுங்கையோட ஆசுபத்திரிக்குப் போனாலும் அதயே சொல்லுவான். இப்போ மீனத்தான எறக்குதான். பொறவு எங்களல்லா எறக்குவான்."

பஸ் ஒரு முக்கில் நின்றது. செல்லப்பனும் கண்டக்டரும் சாவகாசமாக இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். விடியாத இருட்டு, கண்டக்டர் இன்னும் பின்பக்கம் டிக்கெட் கிழிக்க வரவில்லை, மேனேஜர் பின்னால் இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கால அட்டவணையில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. ஆனால் ரோடு மோசமாக இருந்த காலத்தில் போட்ட அட்டவணை அது. ரோடு நன்றாகிவிட்டதால் மிஞ்சிய நேரத்துக்கு அந்தக் கடையின் ரசவடை சொந்தமாகியிருந்தது. எனக்குத் தெரியும். ரயிலுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வடையைப் பற்றி டைம் கீப்பருக்கு என்ன?

சார் என்னிடம் திரும்பினார். "தாணு, கரையில கால் மணி நேரம் கழிச்சு எடுத்தா என்ன?"

"முடியாது சார். ரயில் போயிரும். ஒரு பெட்டி ஜனம் நம்மளச் சபிக்கும்."

"ரயில் போயிரும், ஜனம் சபிக்கும். இதுதானே நீரு சொல்றது?"

"ஆமா."

"அது சரிதான்." டீக்கடையைப் பார்த்தார். செல்லப்பன் இரண்டாவது வடையில் இருந்தான். "அவரு இங்க குடிக்கிற டீய அங்க குடிச்சா?"

மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் செல்லப்பனிடம் மறுப்பு நிறைய இருந்தது. திரும்பி வந்து சாரைப் பார்த்ததும் வடை தொண்டையில் நின்றாலும், விஷயம் தெரிந்ததும் பேச்சு வந்துவிட்டது. இது எஞ்சினுக்கு ஓய்வு என்றான். "எஞ்சின் எத்தன வட திங்கும்?" என்று சார் கேட்டார். கரையில் அந்நேரம் கடை திறக்காது என்றான். என் கொழுந்தன் கடைதான், திறக்கச் சொல்லுகிறேன் என்றாள் பிலோமினா. அந்த டீயை மனுஷன் குடிப்பானா என்றான். சார் அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு யோசித்து, கரையில் டீ நன்றாயில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒரு டிரைவரின் டீயைக்கூட விசாரணைக்கு எடுத்துக்கொண்ட மனிதரிடம் செல்லப்பனால் அதற்குமேல் சண்டைபோட முடியவில்லை.

ஒரு வாரம் ஓடியது. ஹாரன் அடிப்பதற்கு முன் மீன் கழுவி, வடிந்து, மேலே வாழையிலை போட்டு மூடி வந்தது. தரை காய்ந்து கிடந்தது. வாடை முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மீன் என்றால் மீன்தான். ஆனால் கால் நனையவில்லை, சண்டையும் இல்லை. பஸ் ரயிலுக்கு நேரத்தில் போனது. எட்டாம் நாள் பத்மநாபபிள்ளையின் குடை தெரிந்தது, வாட்ச்மேன் இருமினான். இப்போது பஸ்ஸில் சன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று புகார். நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

ஆனால் நீல பஸ் நின்றுகொண்டிருந்தது. விழா மறுநாள். அதை இனி என்ன செய்வது என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. ஓடட்டும், ரிப்பனை வெட்டட்டும், இரண்டு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்று சங்கத் தலைவர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். அரசாங்கத்தில் யோசனைகளைக் கொல்கிற மரியாதையான முறை அதுதான்.

"இதுதானே நீங்க சொல்றது," என்று சார் ஆரம்பித்து, அழகாகத் திருப்பிச் சொன்னார். "முடியாது. ரெண்டு மாசத்தில எல்லா கண்டக்டரும் பழகிருவான். அந்தம்மா சொன்னது நடந்திரும்."

விழாவுக்குக் கோட்ட மேலாளர் வந்தார். மாலை, நாதஸ்வரம், பத்திரிகைக்காரர்கள். மீன்காரப் பெண்களையும் கூட்டிவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். தட்டில் கத்தரிக்கோல் வந்தபோது சிதம்பரநாதன் சார் ஒரு அடி முன்னால் வந்தார்.

"சார், இந்த பஸ் வேண்டாம். என் யோசனை தப்பு."

கோட்ட மேலாளர் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே நின்றார். "சிதம்பரநாதன், யாருக்க முன்னால என்ன பேசுதீரு? இது உம்ம யோசனைதானே?"

"ஆமா சார். அதனாலதான் நானே சொல்லணும்."

"அப்போ நான் எத வெட்ட?"

அது நியாயமான கேள்வி. எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். செல்லப்பன்தான் பின்னாலிருந்து குரல் கொடுத்தான், டிரைவர்கள் ஓய்வறைக்குப் புதுசாக ஓடு மாற்றியிருக்கிறதே என்று. நாதஸ்வரம் உட்பட எல்லாரும் அங்கே நடந்தோம். மூன்று கட்டிலும் ஒரு மின்விசிறியும் உள்ள அறையைக் கோட்ட மேலாளர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். உள்ளே நைட் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு கண்டக்டர், மேளச் சத்தத்தில் எழுந்து கைலியைத் தேடிய படம் மறுநாள் பேப்பரில் வந்தது.

எங்களுக்கு அது பல மாதத்துக்குச் சிரிப்பு. கோட்ட மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளிலேயே சாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேறு ஜில்லா, மலையடிவாரத்து டிப்போ. அவர் அப்போதுதான் சுசீந்திரத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. என் வாழ்க்கையில் உத்தியோகம் சம்பந்தமாக எனக்கு அழுகை வந்தது அன்றுதான். ஆனால் அழவில்லை, டூட்டியில் இருந்தேன். உள்ளே போய், "நீங்க பேசாம ரிப்பன வெட்டவிட்டிருக்கலாம் சார். அது தப்பா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "வெட்டியிருந்தா வீடு எழும்பியிருக்கும். வீடு கட்டணும்னுதான் நீரு சொல்றது, இல்லையா ஓய்?"

"ஆமா சார்."

"அது சரிதான். ஆனா முடியாது," என்றார்.

அவர் போன நாள் டிப்போ வாசலில் எல்லாரும் நின்றோம். தக்கலைச் சந்தை முடிந்து மீன்காரப் பெண்களும் வந்தார்கள். பிலோமினாவின் தலையில் சருவம். நல்ல நெய்மீனாக இருக்கும், சாருக்கு ஆகாதே, யார் வீட்டுக்குப் போகும் என்று சங்கத் தலைவர் என் காதில் கணக்குப் போட்டார். அவள் சருவத்தை இறக்கி வாழையிலையை எடுத்தாள். உள்ளே ஒரு குலை மட்டி வாழைப்பழம்.

"சாரு மீனு தின்னமாட்டாருன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று செல்லப்பன் கேட்டான்.

"யாரு சொல்லணும்? அண்ணைக்கு எனக்க பக்கத்தில இருந்தப்போ கண்ணு ரெண்டும் கலங்கி நிண்ணுது. ஆனா ஒருக்கா கூட மூக்கில கை வைக்கல்ல. மீனு திங்கியவியளே எங்களக் கண்டா மூக்கப் பொத்துவாவ."

சார் ஒரு பழத்தைப் பிய்த்து, அங்கேயே நின்று உரித்தார். வருடக்கணக்காகச் சாளையும் அயிலையும் கிடந்த சருவத்தில் வந்த பழம் எப்படி மணக்கும் என்று நாலு அடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. முழுவதையும் தின்றார். இன்னொன்றை எடுத்தார்.

அவர் ஏற வேண்டிய பஸ் கிளம்புகிற நேரம் ஆகியிருந்தது. டிரைவர் என் விசிலுக்காகக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் அந்த இரண்டாவது பழத்தை மெதுவாகத் தின்று முடிக்கும்வரை பஸ் நின்றது.